வின்கிரிஸ்டின்: சிரைக்கு மட்டும்

வின்கிரிஸ்டின், நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைக்கும் கீமோ மருந்து. வாசலோரத்திலும் சுடுகாட்டிலும் யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூக்கும் இந்தச் செடியின் தாயகம் மடகாஸ்கர். ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இதன் இலையைக் கொதிக்கவைத்துக் குடிப்பதுண்டு. அங்கிருந்து 1952-இல் கனடாவுக்கு வந்த 25 இலைகள், மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் நோபிளிடம் சேர்ந்தன. சாறு கொடுத்த எலிகளுக்குச் சர்க்கரை இறங்கவில்லை. ஊசியில் ஏற்றியபோதோ வெள்ளை அணுக்கள் சரிந்து, எலிகள் தொற்று கண்டு செத்தன. சர்க்கரைக்கு உதவாத இலை, வெள்ளை அணுக்கள் கட்டுமீறிப் பெருகும் ரத்தப் புற்றுநோய்க்கு உதவலாம் என்று தெரிந்தது அப்படித்தான். நோபிளும் சார்லஸ் பியரும் 1958-இல் வின்பிளாஸ்டினை அறிவித்தார்கள். அதே செடியிலிருந்து வின்கிரிஸ்டினைப் பிரித்தெடுத்தது எலை லில்லி நிறுவனம். 1963-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. ஒரு டன் காய்ந்த இலையில் சில கிராம்தான் தேறும். தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களிலும் மானாவாரியாக இந்தச் செடி பயிராகிறது.

பிரியப்போகும் செல், இரட்டிப்பான தன் குரோமோசோம்களை இரு பக்கமும் சரிபாதியாக இழுத்துக்கொள்ள வேண்டும். இழுப்பவை நுண்குழல்கள், டியூபுலின் என்ற புரதம் கோத்துக் கோத்து உருவாகுபவை. வின்கிரிஸ்டின் டியூபுலினைப் பற்றிக்கொண்டால் குழல் வளராது. குரோமோசோம்கள் பிரிய முடியாமல் நின்றுவிடும். பாதிப் பிரிவில் சிக்கிய செல் மடியும்.

நரம்பு செல் பிரிவதில்லை. ஆனால் முதுகுத்தண்டிலிருந்து கால்விரல்வரை நீளும் அதன் இழைக்குள், செல்லுக்கு வேண்டியதெல்லாம் போய்வரும் தடமும் இதே நுண்குழல்தான். அதனால் மிக நீளமான இழைகளே முதலில் அடிபடுகின்றன: விரல்நுனி மரத்துப்போகும், சட்டைப் பொத்தானைப் போட வராது, பாதம் தொங்கிச் செருப்பு கழலும். சிலருக்குத் தாடை வலிக்கும். குடல் நரம்பு மந்தப்பட்டு மலச்சிக்கல் வரும் என்பதால் மலமிளக்கியை முன்கூட்டியே எழுதிவிடுகிறார்கள். மற்றக் கீமோ மருந்துகளைப்போல எலும்பு மஜ்ஜையை இது அதிகம் வாட்டுவதில்லை. பிற மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்க இவ்வளவு தோதாக இருப்பதற்கு அதுவே காரணம்.

குழந்தைகளுக்கு வரும் தீவிர லிம்ஃபோபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோயில் ஸ்டீராய்டு, அஸ்பாரஜினேஸ் ஆகியவற்றுடன் வாரம் ஒருமுறை இது ஏறுகிறது. வசதியுள்ள நாடுகளில் அந்நோய் கண்ட பத்துக் குழந்தைகளில் எட்டுப் பேருக்கு மேல் இன்று பிழைக்கிறார்கள். அந்தப் பெருமை மருந்துக் கூட்டுக்கே உரியது, ஒற்றை மருந்துக்கு அல்ல. லிம்ஃபோமா, சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டி ஆகியவற்றுக்கும் பயன்படுகிறது. பெரியவர்களுக்கு உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு 1.4 மி.கி.; வழக்கமாக ஒரு தடவைக்கு 2 மி.கி. தாண்டுவதில்லை. மருந்தைக் கழிப்பது கல்லீரல் என்பதால், அதன் பாதிப்பைக் காட்டும் பிலிருபின் ரத்தத்தில் ஏறியவருக்கு அளவு குறையும். இட்ராகோனசோல் போன்ற பூஞ்சை மருந்து கூடவே இருந்தால் நரம்புப் பாதிப்பு கடுமையாகும். அந்த மருந்தை எடுப்பதை மருத்துவரிடம் சொல்லாமல் விடக்கூடாது.

சிரைக்கு வெளியே கசிந்தால் தசை வெந்து புண்ணாகும். அதைவிடக் கொடியது, முதுகுத்தண்டு நீரில் தவறிச் செலுத்துவது. ரத்தப் புற்றுநோய்க்கு மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்தை முதுகில் போடும் நாளிலேயே வின்கிரிஸ்டினும் தயாராக இருப்பதால் சிரிஞ்சுகள் மாறிப்போய், பல நாடுகளில் நோயாளிகள் இறந்திருக்கிறார்கள். அப்படி நேர்ந்தால் பெரும்பாலும் காப்பாற்ற முடிவதில்லை. கவனமாக இருங்கள் என்று செவிலியரிடம் சொல்வது மட்டும் இதற்குப் போதாது. மருந்தைச் சிரிஞ்சில் நிரப்பாமல் சிறு சலைன் பையில் கலந்து சிரைவழி ஏற்ற வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் எச்சரித்தது. பையை முதுகு ஊசியில் யாரும் தவறி மாட்டப்போவதில்லை. இன்னும் சிரிஞ்சிலேயே நிரப்பும் மருத்துவமனைகள் அந்த வழக்கத்தை இன்றே நிறுத்த வேண்டும்.