எரிச்சலும் ஜெபமாகும்!

பிரான்ஸ் நாட்டின் லிசியூ நகரில் உள்ளது கார்மல் கன்னியர் மடம். மாலை தியானத்தில் பின்னால் அமர்ந்திருந்த சகோதரி ஒருவர் ஓயாமல் ஏதோ சத்தம் எழுப்பிக்கொண்டே இருப்பார். இளம் துறவி குழந்தை தெரேசாவுக்கு ஜெபத்தில் மனம் ஒன்றாது. திரும்பி ஒரு பார்வை பார்த்தாலே சத்தம் நின்றிருக்கும். ஆனால், அவர் மனம் நோகுமே! வியர்த்துக் கொட்டியும் தெரேசா திரும்பவில்லை. அந்தச் சத்தத்தையே இசைபோல் கேட்டு, இயேசுவுக்குக் காணிக்கையாக்கினார்.

அன்பே தன் அழைப்பு என்பதை 1 கொரிந்தியர் 13-ம் அதிகாரத்தில் கண்டுகொண்டவர் அவர். 1897-ல், 24 வயதில் காசநோயால் இறந்தார். 1997-ல் திருச்சபை அவரை மறைவல்லுநராக அறிவித்தது.

வீட்டில் பாட்டி ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாரா? முகம் சுளிக்கும் முன் ஒரு நொடி பொறுங்கள். அந்த நொடியை இறைவனிடம் கொடுத்துவிட்டு, பதில் சொல்லுங்கள்.