சிறாரும் பிணையும்

சிறார்க்கெனத் தனிச் சட்டத்தை 1920ஆம் ஆண்டிலேயே இயற்றியது சென்னை மாகாணம். இந்தியாவில் அதுவே முதலாவது. ஆயினும், கொடுங்குற்றம் சாட்டப்பட்ட சிறுவனுக்குப் பிணை எதற்கு என்னும் சினக்குரல் இன்றும் ஓயவில்லை. பாதிக்கப்பட்டோரின் துயரிலிருந்து எழும் அக்குரலை இகழ்தல் தகாது. எனினும் பிணை என்பது விடுதலைத் தீர்ப்பன்று, விசாரணை தொடரும்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 12ஆம் பிரிவில், பிணையை மறுக்க மூன்றே காரணங்களை ஏற்கிறது: குற்றவாளிகளின் கூட்டுறவு, சிறுவனுக்கு நேரக்கூடிய தீங்கு, நீதியின் நோக்கம் சிதைதல். குற்றத்தின் கடுமை அவற்றுள் இடம்பெறவில்லை.

பிணை கிடைத்தாலும் பிணையாளர் வேண்டுமே! கொடைரோட்டை அடுத்த பூந்தோட்டங்களில் கூலிக்குப் பூப்பறிக்கும் தாயொருத்தி சொத்துடையோரை எங்கே தேடுவாள்? பிணையாளர் இன்றியும் விடுவிக்கலாம் என்கிறது அதே பிரிவு. ஏழு நாள்களுக்குள் நிபந்தனையை நிறைவேற்ற இயலாவிடில், அதனை மாற்றியமைக்கச் சிறுவனை இளைஞர் நீதிக் குழுமத்தின்முன் நிறுத்தவும் பணிக்கிறது. எட்டாம் நாளும் அவன் கூர்நோக்கு இல்லத்திலேயே கேட்பாரின்றிக் கிடந்தால், அங்கே மீறப்படுவது சட்டமே.