பரணில் உறங்கும் ரயில்

தில்லியில் வாழும் நம் குடும்பங்கள் சிலவற்றின் பரண்களில், பழைய பெட்டிகளுக்கும் கொலுப்படிகளுக்கும் இடையே, ஓர் அட்டைப்பெட்டி உறங்கிக்கொண்டிருக்கும். அதனுள் ஓர் எஞ்சின், மூன்று பெட்டிகள், வட்டமாக இணைக்கத்தக்க தண்டவாளத் துண்டுகள், ஒரு மின்கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவை இருக்கும். வெளிநாட்டிலிருந்து மாமாவோ சித்தப்பாவோ ஆசையுடன் கொண்டுவந்த மாதிரி ரயில் அது. மூன்று வாரம் நன்றாக ஓடியிருக்கும், பின்னர் நின்று நின்று ஓடியிருக்கும், அதன்பின் பரணேறியிருக்கும். கேட்டால், "பொம்மை கெட்டுவிட்டது" என்பர். கெட்டது பெரும்பாலும் எஞ்சின் அன்று. தண்டவாளத்தின் ஒழுங்கும் மின்சாரத்தின் வரத்துமே கெட்டிருக்கும். இவ்விரண்டையும் செம்மைசெய்தால் உறங்கும் ரயில் எழுந்து ஓடும் என்பதே இம்மாதம் நாம் சொல்ல வந்தது.

இக்குற்றத்திற்கு நாமும் விலக்கல்ல. சில ஆண்டுகளுக்கு முன்னர் அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் எட்டு வயதான நம் மகனுக்கு இத்தகைய ரயில் ஒன்றைக் கொடுத்தார். அதன் பிளக்கு நம் வீட்டுச் சுவரில் பொருந்தவில்லை. தெருமுனைக் கடையில் ஒரு மாற்றுப் பிளக்கு வாங்கிச் செருகினோம். வண்டி முதற்சுற்றிலேயே நாலுகால் பாய்ச்சலில் பறந்தது. மூன்றாம் சுற்றில் கருகும் வாடை வந்தது. கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து புகை எழுந்தது. அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். நம் நாட்டில் 230 வோல்ட். நாம் வாங்கிய பிளக்கு ஊசியின் வடிவை மாற்றியதேயன்றி மின்னழுத்தத்தை மாற்றவில்லை. "நான் வேகமாகத் திருப்பியதால்தான் எரிந்ததா, அப்பா?" என்று பையன் கேட்டான். அன்று என்று நாம் சொல்லியும் அவன் நம்பவில்லை. ஓராண்டுக் காலம் அவன் அப்பெட்டியின் அருகே செல்லவில்லை.

ஆகவே முதற்பாடம் இது: வெளிநாட்டிலிருந்து வந்த எந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் சுவரில் செருகுமுன் அதன் அடியிலுள்ள சீட்டைப் படியுங்கள். 100 முதல் 240 வோல்ட் வரை என்றிருந்தால் அச்சமில்லை. 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால், மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் இன்றித் தொடவேண்டா. ஜெர்மானிய மார்க்ளின் ரயில்கள் பல, பாதையின் நடுவேயுள்ள சிறு முனைகளிலிருந்து மின்சாரம் பெறுபவை. அவற்றையும் இரு தண்டவாளங்களில் மட்டும் மின்சாரம் பெறும் பிற ரயில்களையும் ஒரே பாதையில் கலத்தல் கூடாது.

இனி அளவு. மாதிரி ரயில்களுள் மிகப் பரவியது எச்.ஓ. என்னும் அளவு. உண்மையில் 87 அடி நீளமுள்ளது அதில் ஓர் அடியாகும். அதனினும் சிறியது என் என்னும் அளவு. அதில் 160 அடி ஓரடியாகும். பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் 1955 முதல் பல்லாண்டுகள் உருவான பழைய வகைப் பயணிகள் பெட்டியின் நீளம் ஏறத்தாழ 21.3 மீட்டர். எச்.ஓ. அளவில் அது 24.5 சென்டிமீட்டர், என் அளவில் 13.3 சென்டிமீட்டர். நம்மவர் பலரை ஊருக்குக் கொண்டுசென்ற கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரசைப் போல இருபதுக்கு மேற்பட்ட பெட்டிகளைக் கோத்தால், எச்.ஓ. அளவில் வண்டி மட்டுமே ஐந்து மீட்டரைத் தாண்டிக் கூடத்தை அடைத்துவிடும். நான்கைந்து பெட்டிகளோடு மனநிறைவு கொள்ளுதல் நன்று.

கடையில் கிடைக்கும் எச்.ஓ. பாதையின் அகலம் 16.5 மில்லிமீட்டர். நம் நாட்டு அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். அதனை 87ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரும். எனவே நம் சென்னை வண்டியின் மாதிரி அப்பாதையில் சற்று ஒடுங்கியே நிற்கும். ஆனால் தில்லி மெட்ரோவைப் பாருங்கள். 2002ஆம் ஆண்டு தொடங்கிய சிவப்புத் தடமும், அடுத்து வந்த மஞ்சள், நீலத் தடங்களும் அகலப்பாதையில் அமைந்தன. பின்னர் வந்த பச்சை, ஊதாத் தடங்கள் 1435 மில்லிமீட்டர் பாதையில் அமைந்தன. 1435ஐ 87ஆல் வகுத்தால் 16.5! நாள்தோறும் ஊதாத் தடத்தில் பள்ளிக்கும் அலுவலகத்திற்கும் செல்வோர், தாம் ஏறும் வண்டிக்கு முற்றும் பொருந்திய பாதையைக் கடையிலேயே வாங்கலாம். இக்கணக்கைக் குழந்தைகளையே போடச் சொல்லுங்கள், வகுத்தல் கசக்காது.

அடுத்தது பலகை. தரையில் பரப்பிய பாதை நீடிக்காது. தூசியும் காலடியும் அதற்குப் பகை. ஒட்டுப்பலகை எட்டடிக்கு நான்கடி அளவில் கீர்த்தி நகர் மரக்கடைகளில் கிடைக்கும். எச்.ஓ. அளவின் நீள்வட்டம் ஒன்று அதில் தாராளமாக அமையும். ஆனால் நம்முள் பலர் வாடகை வீட்டினர். அரசுக் குடியிருப்பினரோ மாற்றல் உத்தரவுக்குக் காத்திருப்பவர். முழுப் பலகை மாடிப்படியில் திரும்பாது. ஆதலால் அதனை நான்கடிச் சதுரங்களாக இரண்டாக அறுத்து, அடியில் மரச்சட்டம் கொடுத்து, போல்ட்டு நட்டால் இணையுங்கள். வீடு மாறும்போது பிரித்துச் செல்லலாம். ஒற்றை அறையினர் என் அளவைத் தேர்ந்தால் நான்கடிக்கு இரண்டடிப் பலகையே போதும். கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம்.

பாதை பதிப்பதில் அவசரம் ஆகாது. ஒவ்வோர் இணைப்பிலும் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். விரல் தடுக்கினால் சக்கரமும் தடுக்கும். மின்சாரம் கொடுக்குமுன் ஒரு பெட்டியைக் கையால் தள்ளிச் சுற்றுங்கள். கையில் தடம்புரள்வது மின்சாரத்தில் ஓடாது. மேலும், சனவரிக் குளிருக்கும் சூன் மாத வெயிலுக்கும் தில்லியில் வேறுபாடு பெரிது. ஒரு மீட்டர் நீளத் தண்டவாளம் அவ்வேறுபாட்டில் அரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். இணைப்புகள் சிலவற்றில் ஒரு முகவரி அட்டையின் கனத்திற்கு இடைவெளி விடாவிடின், கோடையில் பாதை வளைந்து எழும்பும்.

இனி மின்சாரம். தொடக்க நிலைக்கு நேர்மின்னோட்ட முறையே எளிது. கட்டுப்பாட்டுப் பெட்டி வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட் அளவிற்கு இறக்கி, ஒரு தண்டவாளத்தில் நேர்மின்னும் மற்றதில் எதிர்மின்னும் தருகிறது. எஞ்சினின் சக்கரங்கள் அதனைத் திரட்டி உள்ளிருக்கும் மோட்டாருக்கு அளிக்கின்றன. வோல்ட் கூடினால் வேகம் கூடும். நேரும் எதிரும் இடம் மாறினால் வண்டி பின்னோக்கிச் செல்லும். ஒற்றை வண்டிக்கு ஓர் ஆம்பியர் திறனுள்ள பெட்டி பெரும்பாலும் போதும்.

குறை தொடங்குவது எங்கே? பலர் பாதைமுழுமைக்கும் ஒரே இடத்தில் இரண்டு கம்பிகளை இணைத்து விட்டுவிடுகின்றனர். மின்சாரம் ஒவ்வோர் இணைப்புத் தகட்டையும் கடந்தே அப்பாற் செல்லவேண்டும். தகடு தளர்ந்தாலும் கறுத்தாலும் அங்கே மின்னழுத்தம் குறையும். அதனால்தான் வண்டி அருகில் விரைந்தும் தொலைவில் தவழ்ந்தும் ஓடுகிறது. இதற்கு மருந்து எளிது. பலகையின் அடியில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு தடித்த கம்பிகளைச் சுற்றிலும் ஓட்டுங்கள். ஒரு மீட்டருக்கு ஒருமுறை மெல்லிய கிளைக்கம்பிகளைத் தண்டவாளத்தில் ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். கம்பிகள் சாந்தினி சௌக்கின் பகீரத் பேலசில் கிடைக்கும். பற்றவைக்கும் வேலை பெரியோருடையது. கம்பியின் நிறம் பார்த்துக் கொடுக்கும் வேலை சிறியோருடையது.

ஒரு பொறியையும் சொல்லவேண்டும். பாதை வளைந்து திரும்பித் தன்னிடமே வந்து சேருமாறு அமைத்தால், இடத் தண்டவாளம் சுற்றிவந்து வலத் தண்டவாளத்தைத் தொடும். நேரும் எதிரும் நேருக்குநேர் மோதிக் குறுக்குமின்னோட்டம் ஏற்படும். அத்தகைய வளையத்தின் இரு முனைகளிலும் இரு தண்டவாளங்களையும் துண்டித்துத் தனி விசை அமைக்கவேண்டும். புதியோர் முதலாண்டில் நீள்வட்டத்தோடு நிற்றலே அறிவுடைமை.

குறுக்குமின்னோட்டம் நமக்குத் தொல்லையாயினும் மெய்யான ரயில்வேக்கு அது காவலாள். மாதிரி வண்டியின் அச்சில் ஒருபுறச் சக்கரம் மின்காப்பிட்டது. ஆதலின் தண்டவாளங்கள் இரண்டும் அதன் வழியே கூடுவதில்லை. மெய்யான வண்டிக்கு அக்காப்பு இல்லை. மின்சுற்று அமைந்த பாதைப் பகுதியில் தண்டவாளங்களின் வழியே மெல்லிய மின்னோட்டம் சென்றுகொண்டிருக்கும். வண்டி அங்கே நுழைந்ததும் அதன் சக்கரமும் அச்சும் குறுக்கே இணைந்து அம்மின்னோட்டத்தைத் திருப்பிவிடும். உடனே ரிலே விழும். பின்னால் வரும் வண்டிக்குச் சிவப்பு விளக்கு எரியும். தண்டவாளம் முறிந்து மின்னோட்டம் அற்றாலும் சிவப்பே. சென்னை வண்டி ஆளில்லா வெளியில் திடீரென நிற்கும்போது சலிப்புறும் குழந்தைகளுக்கு இதனைச் சொல்லலாம்.

அவ்வண்டி செல்லும் வழியிலேயே குவாலியர் இருக்கிறது. அங்குள்ள ஜெய்விலாஸ் அரண்மனையின் உணவு மேசைமேல் வெள்ளியாலான சிறு ரயில் ஒன்று உண்டு. விருந்தினர்க்கு மதுவும் சுருட்டும் ஏந்தி மேசையைச் சுற்றிவரும் அது, எவரேனும் குப்பியை எடுத்தால் நிற்கும். திரும்ப வைத்தால் நகரும். குப்பியின் கனமே அங்கு மின்விசை. மன்னர் வீட்டு ரயிலும் மின்சுற்று மூடினால் ஓடும், திறந்தால் நிற்கும். வேறு மந்திரம் இல்லை.

ஒரே பாதையில் இரண்டு மூன்று எஞ்சின்களை வெவ்வேறு வேகத்தில் ஓட்ட விரும்புவோர்க்கு டி.சி.சி. என்னும் இலக்க முறை உண்டு. அதில் பாதையின் மின்னழுத்தம் எப்போதும் மாறாதிருக்கும். மின்னோட்டமோ நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திசை மாறி, அம்மாற்றங்களின் வழியே கட்டளைகளைக் கொண்டுசெல்லும். ஒவ்வோர் எஞ்சினிலும் உள்ள சிறு மின்னணுச் சில்லு தன் எண்ணுக்குரிய கட்டளையை மட்டும் ஏற்கும். வசதி பெரிது, செலவும் பெரிது. பழைய கட்டுப்பாட்டுப் பெட்டியையும் இதனையும் ஒரே பாதையில் இணைத்தால் இரண்டும் கெடும். இது இரண்டாம் ஆண்டுக்குரியது.

இறுதியாகத் தூய்மை. நல்ல தண்டவாளங்கள் நிக்கல் வெள்ளி எனப்படும் உலோகத்தாலானவை. பெயரில் வெள்ளி உண்டேயன்றி உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமுமே உள்ளன. தில்லியின் கோடைப் புழுதியும் குளிர்காலப் புகையும் அதன்மேல் படலம் போடும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து, மின்சாரத்தை நிறுத்தியபின் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டா, கீறலில் அழுக்கு மேலும் தங்கும். சக்கரங்களையும் மறவாதீர்கள். ஓட்டாத நாட்களில் பழைய வேட்டி ஒன்றால் பலகையை மூடி வையுங்கள்.

தொடங்குமுன் ஒரு ஞாயிறன்று சாணக்கியபுரியிலுள்ள தேசிய ரயில் அருங்காட்சியகத்திற்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். 1977ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அவ்விடத்தில் அகலப்பாதை, மீட்டர்பாதை, குறும்பாதை எஞ்சின்களை அடுத்தடுத்துக் காணலாம். ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடிய பட்டியாலா ரயிலும் அங்குண்டு. பாதையின் அகலம் என்பது என்னவென்று புத்தகத்தினும் அது நன்கு விளக்கும்.

நம் வீட்டுக் கதை முடியவில்லை. அடுத்த குளிர்காலத்தில் புதிய கட்டுப்பாட்டுப் பெட்டி வாங்கிப் பலகை அமைத்தோம். அப்போதும் வண்டி ஒரு மூலையில் நின்றது. மோட்டார் சைக்கிளின் 12 வோல்ட் விளக்கு ஒன்றில் இரண்டு கம்பிகளைக் கட்டிப் பையனிடம் கொடுத்தோம். தண்டவாளங்களில் வைத்துக்கொண்டே போ, எங்கே ஒளி மங்குகிறது பார் என்றோம். முதலில் கை நடுங்கியது. ஏழாம் இணைப்பைத் தாண்டியதும் விளக்கு மங்கியது. அவன் திரும்பி வந்து ஆறாவதில் வைத்தான், ஒளிர்ந்தது. மீண்டும் ஏழாவதைத் தாண்டினான், மங்கியது. "இந்தத் தகடுதான், அப்பா" என்றான். தகட்டை மாற்றினோம், வண்டி ஓடியது. அன்று கட்டுப்பாட்டுப் பெட்டியின் குமிழைத் திருப்பியவன் அவனே.

பரணில் பெட்டி வைத்திருக்கும் அன்பர்கள் இவ்வாரமே அதனை இறக்குங்கள். முதலில் அடியிலுள்ள சீட்டைப் படியுங்கள்.