மக்கும் பை எந்த மண்ணில் மக்கும்?

2017 செப்டெம்பர் முதலாம் திகதி தொடக்கம் 20 மைக்ரோனும் அதற்குக் குறைவான தடிப்பும் கொண்ட பொலித்தீன், லஞ்ச் சீற், ரெஜிபோம் பெட்டி என்பன இலங்கையில் தடைசெய்யப்பட்டன. அவ்வாண்டு ஏப்ரலில் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த பின்னரே அரசு விழித்துக்கொண்டது. அன்றிலிருந்து ‘மக்கக்கூடியது’ என்ற சொல் சாப்பாட்டுக் கடைகள் வரை வந்துவிட்டது. எங்கே, எவ்வளவு காலத்தில் மக்கும் என்பதை மட்டும் எவரும் சொல்வதில்லை.

இந்தக் கேள்வி முக்கியமானது என்று நான் நினைப்பதற்குக் காரணம் உண்டு. சோள மாவுச்சத்தை நொதிக்கவைத்துப் பெறும் லக்டிக் அமிலத்திலிருந்து பொலிலக்டிக் அமிலம் தயாரிக்கப்படுகிறது. அதனை வேறு பல்பகுதியங்களுடன் கலந்து மெல்லிய படலமாக்குகிறார்கள். அது மக்குவது இரண்டு கட்டங்களில். முதலில் நீர் அதன் நீண்ட சங்கிலிகளை அறுக்க வேண்டும். பிறகே நுண்ணுயிர்கள் அந்தத் துண்டுகளை உண்ணும். முதற்கட்டம் வேகமாக நடக்க ஏறத்தாழ 58 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. கைத்தொழில்முறை உரக்கிடங்கில் அது கிடைக்கும். எமது வளவிலோ கடலிலோ கிடைக்காது.

ஒட்சியேற்றத்தைத் தூண்டும் உப்புகள் சேர்த்த சாதாரண பொலித்தீன் இதைவிட மோசமானது. அது மக்குவதில்லை, கண்ணுக்குத் தெரியாத துகள்களாக உடைகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் கொண்டுவந்த பணிப்புரை அதைத் தடைசெய்தது. அதே ஆண்டு பிரித்தானியாவின் பிளிமத் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில், ‘உயிரியல் ரீதியாகச் சிதைவடையும்’ எனக் குறிக்கப்பட்ட பை மூன்று ஆண்டுகள் மண்ணிலும் கடலிலும் கிடந்த பின்னரும் பொருட்களைச் சுமந்தது.

ஆகவே பை கண்ணுக்கு மறைந்தது போதாது. எடை குறைந்ததும் போதாது. அதிலிருந்த கார்பன் எவ்வளவு காபனீரொட்சைட்டாக மாறியது என்று அளக்க வேண்டும். ஐரோப்பிய நியமம் ஆறு மாதத்தில் 90 வீதம் கேட்கிறது, அதுவும் உரக்கிடங்குச் சூழலில்தான்.

எமது நிலைமை வேறு. யாழ்ப்பாணத்தில் குடிநீர் சுண்ணாம்புக்கல்லின் அடியிலிருந்து வருகிறது. வன்னியில் கண்ணிவெடி அகற்றி மீட்ட காணிகளில்தான் சனம் மீண்டும் பயிரிடுகிறது. மண்ணுக்குள் கிடப்பது எவ்வளவு காலம் ஆளை வாட்டும் என்று எமக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை.

யாழ் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிறது. கடைகளில் விற்கும் படலங்களை எமது செம்மண்ணிலும் வயலிலும் களப்பிலும் புதைத்துச் சோதித்து, முடிவுகளைத் தமிழில் வெளியிடலாம். பிரதேச சபைகள் அந்த முடிவைக் கேட்டபின் அனுமதி கொடுக்கட்டும். அதுவரை மலிவான, உறுதியான பதில் வாழையிலையும் துணிப்பையும்தான்.