நுழைவுச்சீட்டும் நினைவு வணிகமும்

பழமையைப் போற்றுதல் வேறு. பழமையை விற்றல் வேறு. இவ்விரண்டும் ஒன்றே என மயங்கும் காலத்தில் நாம் வாழ்கின்றோம். இசை நிகழ்ச்சிகளின் பழைய நுழைவுச்சீட்டுகளைப் பெரிதாக்கி, ஓவியம்போல அச்சிட்டு, கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் தொங்கவிடும் வழக்கம் மேலைநாடுகளில் ஒரு வணிகமாக வளர்ந்துள்ளது. இவற்றுட் சில உண்மையான சீட்டின் படிகள். வேறு சில, எக்காலத்தும் எவர் கையிலும் இருந்திராத சீட்டைப் பழையதுபோல் வரைந்தவை. மங்கிய மஞ்சள் நிறம், கிழிந்த விளிம்பு, தேநீர்க்கறை ஆகிய யாவும் அச்சியந்திரத்திலேயே பிறக்கின்றன. குறித்த தொகையில் மட்டும் அச்சிட்டு, இலக்கமும் கையொப்பமும் இட்டுச் சேகரிப்போருக்கு விற்கின்றனர். பழைய இசைத்தட்டு உறைகளும் திரைப்படச் சுவரொட்டிகளும் தமிழர் வீடுகளிலே அலங்காரப் பொருளாகிவிட்ட இந்நாளில், இவ்வழக்கத்தின் தன்மையை நாம் ஆராயாதிருத்தல் தகாது.

நுழைவுச்சீட்டு என்பது யாது? ஒருவர் ஓரிடத்தில், ஒரு நாளில், ஒரு கலைஞரின் முன்னே இருந்தார் என்பதற்கான சான்று. வாயிலிற் கிழிக்கப்பட்ட சீட்டே பயன்பட்ட சீட்டு. சேகரிப்போரின் சந்தையோ கிழியாத சீட்டையே பெரிதும் விரும்புகின்றது. 1969 ஓகஸ்ற் மாதம் அமெரிக்காவில் நடைபெற்ற வூட்ஸ்ரொக் இசைவிழா இதற்குத் தக்க சான்று. வேலியும் வாயிலும் உரிய வேளையில் அமைக்கப்படாமையால் அவ்விழா யாவர்க்கும் இலவசமாயிற்று. வாயிலிற் கிழிப்பார் இன்றி எஞ்சிய சீட்டுகள் பின்னர் விலைப்பொருளாயின. உண்மைச் சீட்டின் நிலையே இதுவாயின், கற்பனைச் சீட்டின் ஓவியம் எதற்குச் சான்றாகும்?

யாழ்ப்பாணத்துச் சீட்டு ஒன்றை நோக்குவோம். பாடசாலைக் கட்டிட நிதிக்காகவும் வாசிகசாலைக்காகவும் விளையாட்டுக் கழகத்துக்காகவும் நம் ஊர்களில் இசை நிகழ்ச்சிகளும் நாடகங்களும் நடத்தப்பட்டன. எந்த நிதிக்கு, எந்த மண்டபத்தில், முதலாம் வகுப்புக்கு எவ்வளவு, இரண்டாம் வகுப்புக்கு எவ்வளவு, எந்த அச்சகத்தில் அச்சிடப்பட்டது என்பன அந்தச் சிறு கடதாசியிலே கிடைக்கும். களியாட்ட வரிக்காக உள்ளூராட்சி மன்றம் இட்ட முத்திரையும் சிலவற்றில் இருக்கும். ஓர் ஊர் தன் பள்ளிக்கூடத்தைத் தானே எவ்வாறு கட்டியது என்னும் வரலாறு அதிலே உண்டு. அலங்கார ஓவியம் முதலில் அகற்றுவது இவற்றையே. நிதியின் பெயர் அழகைக் கெடுக்கும். அச்சகத்தின் பெயர் இடத்தை அடைக்கும். முத்திரை எழுத்தை மறைக்கும். எஞ்சுவது வண்ணமும் ஏக்கமுமே.

ஆவணங்கள் நிறைந்த நாடுகளில் இது வெறும் விளையாட்டாக இருக்கலாம். அங்கே போலியை ஒப்பிட்டு அறிவதற்கு மூலங்கள் உள்ளன. நம் நிலை அதுவன்று. 1981 இல் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் எடுத்துச் செல்லவே அரும்பாடுபட்டனர். பழைய ரிக்கற்றை யார் நினைத்திருப்பர்? இவ்வாறு மூலங்களை இழந்த சமூகத்தின் நடுவே புதுக் கடதாசிக்கு முதுமை பூசி விடுவது, நாளைய ஆய்வாளனை வழிதவறச் செய்வதாகும். உண்மையான சீட்டு அரிதாக உள்ள இடத்திலே போலிச் சீட்டு எளிதில் வரலாறாகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. நம் இசையின் பெரும்பகுதிக்குச் சீட்டே இருந்ததில்லை. 1975 இல் மறைந்த தவில்மேதை தட்சணாமூர்த்தியின் வாசிப்பைக் கோயில் வீதியில் நின்று கேட்டவர்களிடம் எச்சீட்டைத் தேடுவது? வட்டுக்கோட்டைக் கூத்தை வெட்டவெளியிலே விடிய விடிய இருந்து பார்த்த ஊரவர் எந்த வாயிலில் சீட்டுக் கிழித்தனர்? சீட்டை மட்டும் நினைவின் சின்னமாக்கினால் மண்டபத்தின் வரலாறு எஞ்சும். வீதியின் வரலாறு மறையும். அவ்வீதியும் எல்லாருக்கும் திறந்திருந்ததன்று. 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்த சமூகம் நமது. அப்பழங்காலம் முழுவதும் பொற்காலமெனச் சட்டமிட்டு மாட்டுவோர், அன்று வெளியே நிறுத்தப்பட்டவரை இன்றும் வெளியே நிறுத்துகின்றனர்.

“சுவரில் ஒரு படம் தொங்குவதால் என்ன கெட்டுவிடும்? அதைக் கண்டு இளைஞர் பழைய பாட்டைத் தேடுவரன்றோ? ஓவியர்க்கும் பிழைப்புக் கிடைக்குமன்றோ?” என வினவுவோர் உளர். ஓவியர் உழைப்புக்கு ஊதியம் பெறுதல் முறையே. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ பாடலையோ ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’யையோ நினைந்து ஒருவர் படம் வரைந்தால் அதனை யாரும் தடுக்க வேண்டியதில்லை. ஆயின் படம் படமாகவே வரட்டும். சான்றின் வேடம் பூண்டு வரவேண்டாம். மூலச்சீட்டு உண்டெனில் அது யாரிடம் உள்ளது, எவ்வாண்டுக்குரியது எனக் குறிக்கட்டும். கற்பனையெனில் கற்பனை என்றும், வரைந்த ஆண்டு இது என்றும் முன்பக்கத்திலேயே அச்சிடட்டும். இளைஞரைப் பாட்டிடம் அழைத்துச் செல்வதே நோக்கமாயின், இந்த ஒரு வரியால் அந்நோக்கம் கெட்டுவிடாது. கெடுமெனின், விற்கப்பட்டது பாட்டின் நினைவன்று, பழமையின் பாவனையே.

வட்டுக்கோட்டை கடதாசியின் அருமையை அறிந்த ஊர். 1823 இல் இங்கு செமினரி தோன்றியது. 1841 முதல் வெளிவந்த ‘உதயதாரகை’யின் ஆசிரியப் பணியில் அச்செமினரியிற் பயின்றோர் முன்னின்றனர். இத்தகைய ஊரினர்க்கு ஒரு கடமை உண்டு. பெட்டகத்தின் அடியிலும் பழைய புத்தகத்தின் இடையிலும் கிடக்கும் சீட்டுகளையும் நிகழ்ச்சி அழைப்பிதழ்களையும் துண்டுப்பிரசுரங்களையும் குப்பையென எறியாது எடுத்துவைத்தல் வேண்டும். அவற்றோடு தொடர்புடைய முதியோரிடம் கேட்டு, யார் பாடினார், யார் பக்கவாத்தியம் வாசித்தார், எவ்வளவு பணம் சேர்ந்தது என்பவற்றைத் தனித்தாளில் எழுதி இணைத்தல் வேண்டும். 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களோடு மலர்களையும் பிரசுரங்களையும் எண்ணிமப்படுத்தி வருகின்றது. அத்தகைய இடங்களுக்கு இவை சென்று சேர வேண்டும். சீட்டில்லாக் கலைகளுக்கோ அண்ணாவிமாரின் குரலும் பார்த்தவரின் வாய்மொழியுமே சான்று. அவற்றையும் பதிவுசெய்தல் வேண்டும். பல்கலைக்கழக மாணவர் விடுமுறை நாள்களிலே செய்யக்கூடிய பணி இது. பெரும்பணம் வேண்டா, பொறுமை வேண்டும்.

அதனினும் முதன்மையான கடமை ஒன்றுண்டு. இறந்த நிகழ்ச்சியின் சீட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கையேனும் இன்று ஆடும் கூத்தர்க்கும் இன்று வாசிக்கும் தவிற்காரர்க்கும் கொடுப்போம். அவர்கள் முன் சென்று அமர்வோம். நாளை நினைப்பதற்கு நிகழ்ச்சி ஒன்று இருக்கவேண்டுமாயின் இன்று அது நடைபெற வேண்டும். அது நடைபெறுவதற்கு நாம் அங்கே இருக்கவேண்டும்.