ஊறு இல்லாத கண்ணாடி

தொடுதிரை என்ற சொல்லைத் தமிழில் ஆக்கியவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆங்கிலச் சொல்லை அவர் நேர்மையாகவே பெயர்த்திருக்கிறார். பொய் மூலத்திலேயே இருக்கிறது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் வழி வகுக்கையில் தொடுவுணர்வையே முதலில் வைக்கிறது. புல்லுக்கும் மரத்துக்கும் வாய்த்த அறிவு அது. நாவும் மூக்கும் அதன் பின்னர்தான். கண் நான்காவதாக வருகிறது. அந்த முதலறிவுக்கு நம் மரபு தந்த பெயர் ஊறு. விரல் ஒரு பொருளின் மேல் படும்போது அப்பொருள் தன்னைப் பற்றி விரலுக்கு எதையேனும் சொல்லியாக வேண்டும். மேடு, பள்ளம், சொரசொரப்பு, தணிவு என்று ஏதோ ஒன்று. கைப்பேசியின் கண்ணாடி என்ன சொல்கிறது? 'அ' இருக்கும் இடமும் அதே வழவழப்பு, 'ஔ' இருக்கும் இடமும் அதே வழவழப்பு. விரல் படுகிறது, ஆனால் எதையும் அறிவதில்லை. அறிகிற வேலை முழுவதும் கண்ணின் தலையில் விழுகிறது. அதைப் 'பார்திரை' என்று அழைத்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் சென்ற மாதம் இதைச் சொன்னபோது இயற்பியல் துறை நண்பர் சிரித்தார். "ஐயா, நீங்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் காலத்திலேயே நின்றுவிட்டீர்கள்" என்றார். மறுக்கவில்லை. கிருஷ்ணகிரியில் ஒரு தகரக் கூரையின் கீழ், 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்' என்று பக்கம் பக்கமாக அடித்துத் தேர்ந்தவன்தான் நான். கண் தாளில் இருக்கும், விரல் விசையில் இருக்கும், மனம் சொல்லில் இருக்கும். இந்த மூன்றும் தத்தம் இடத்தில் இருந்ததைத்தான் தேர்ச்சி என்றார்கள். அது வெறும் ஏக்கம் என்று என் நண்பர் நினைக்கிறார். அவர் வைத்த வாதங்கள் வலுவானவை. ஆகவே அவற்றை ஒளிக்காமல் முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் வாதம் மொழி பற்றியது. ஓசூர் நான்கு மொழிகள் புழங்கும் ஊர். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என எது வேண்டுமானாலும் ஒரே கண்ணாடியில் எழுகிறது. விசையில் ஓர் எழுத்தைப் பொறித்துவிட்டால் அது அந்த மொழிக்கே அடிமை, திரைக்கோ எல்லா மொழியும் ஒன்று என்றார் அவர். உண்மைதான். பன்னிரண்டு பொத்தான்களில் 247 எழுத்துகளைத் தேடி அழுத்திய துன்பத்தை நானும் பட்டிருக்கிறேன்.

ஆனால் குற்றம் விசையினுடையதா? யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா சென்ற ஆர். முத்தையா தமிழுக்குத் தட்டச்சுப்பொறி வடிவமைத்தபோது, எழுத்துகள் மிகுதி என்று கைவிடவில்லை. அடித்தாலும் உருளை நகராத 'நகரா விசை' என்ற உபாயத்தால் புள்ளியையும் கொம்பையும் எழுத்தோடு பொருத்தினார். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த தமிழ் 99 விசைப்பலகை, உயிரை இடக்கைக்கும் மெய்யைப் பெரும்பாலும் வலக்கைக்கும் பிரித்துக் கொடுத்தது. நம் இலக்கணமே இரு கைகளாகப் பிரிந்து நின்றது போன்ற ஏற்பாடு அது. 2005இல் முத்து நெடுமாறனின் செல்லினம், பொத்தான் கைப்பேசியிலேயே தமிழில் குறுஞ்செய்தி எழுத வழி செய்தது. விசையில் தமிழ் முடியாது என்பது வரலாறு அறியாத பேச்சு. தயாரிப்பாளர்கள் முயலவில்லை என்பதே உண்மை.

சரி, எல்லா எழுத்தும் ஏறிய கண்ணாடியில் என் மாணவர்கள் எதை எழுதுகிறார்கள்? 'வணக்கம் ஐயா, நாளைக்கு வகுப்பு உண்டா' என்பதை ரோமன் எழுத்தில் அனுப்புகிறார்கள். இதற்குத் திரை மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் 'ழ' எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்தவன் ரோமன் எழுத்தைத் தேடிப் போவதில்லை. மாறாத இடம் இருந்தால்தான் பழக்கம் உண்டாகும், பழக்கம் இருந்தால்தான் விரலில் மொழி ஏறும்.

இரண்டாவது வாதம், பார்வையற்றோருக்குத் திரைவாசிப்பான் தந்த விடுதலை. இதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். ஐபோனில் 2009இல் வந்த வாய்ஸ்ஓவர் முதல், கண்ணாடி பேசக் கற்றுக்கொண்டுவிட்டது. என் வகுப்பில் பார்வையற்ற மாணவர் ஒருவர் இருந்தார். நாள் முழுவதும் அவர் பயன்படுத்தியது தொடுதிரைக் கைப்பேசியைத்தான். ஆனால் கட்டுரை எழுத உட்காரும்போது பையிலிருந்து ஒரு சிறு விசைப்பலகையை எடுத்து அதனோடு இணைத்துக்கொள்வார். "படிக்க இது போதும் ஐயா, எழுத அது வேண்டும்" என்றார். இதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை.

மூன்றாவது வாதம், தொட்டதும் அதிரும் வசதி. அந்த அதிர்வு விரல் பட்டபின் வருகிறது. விரல் எங்கே போக வேண்டும் என்பதை அது முன்கூட்டிச் சொல்வதில்லை. கிணற்றில் விழுந்தவனிடம் 'இது கிணறு' என்று சொல்லும் உதவி அது.

இனி என் பங்குக்கு நண்பரை எங்கள் சிப்காட் வளாகத்துக்கு அழைக்கிறேன். இரும்புத் தகட்டை வெட்டி வளைக்கும் பவர் பிரஸ் ஓடும் பட்டறைகள் இங்கே ஏராளம். ஒழுங்காக நடத்தப்படும் பட்டறையில் அந்த இயந்திரத்துக்கு இரண்டு விசைகள் இருக்கும். இரு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கை விசையில் இருக்கும் வரை அச்சின் கீழே இருக்க முடியாதல்லவா? விரல்களைக் காக்க மனிதன் கண்ட எளிய தந்திரம் அது. சி.என்.சி. இயந்திரங்களில் திரை உண்டு. ஆனாலும் அவசரத்தில் நிறுத்துவதற்குக் காளான் குடை போன்ற சிவப்பு விசை தனியே துருத்திக்கொண்டு நிற்கும். எண்ணெய்க் கையோ உறை அணிந்த கையோ, பாராமலே ஓங்கி அடித்தால் இயந்திரம் நிற்கும். அதைக் கண்ணாடிக்குள் வரைந்துவைக்க எந்தப் பொறியாளரும் துணியமாட்டார்.

துணிந்த இடத்தில் நடந்ததையும் சொல்கிறேன். 2017 ஆகஸ்ட் 21 அன்று சிங்கப்பூருக்கு அருகே அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன் ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதியதில் 10 மாலுமிகள் மாண்டனர். சுக்கானையும் வேகத்தையும் தொடுதிரையில் ஒப்படைத்த அமைப்பையும், அதில் போதிய பயிற்சி இல்லாததையும் 2019இல் வெளிவந்த விசாரணை அறிக்கை குறை கூறியது. அதே ஆண்டு அந்நாட்டுக் கடற்படை, கையால் பிடித்துத் தள்ளும் பழைய கைப்பிடிகளுக்கே திரும்புவதாக அறிவித்தது. போர்க்கப்பல் வரை போகவும் வேண்டாம். நம் வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேட்பாளர் பெயருக்கு எதிரே இருப்பது நீல நிற விசை, பக்கத்தில் பிரெய்ல் எண். ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் உருவாகும் மின்சார ஸ்கூட்டர்களில் பளபளக்கும் தொடுதிரை உண்டு, ஆனால் பிரேக்கும் ஹாரனும் கைப்பிடியில்தான்.

ஆக, உயிரும் வாக்கும் சம்பந்தப்பட்ட இடத்தில் விசையை நம்புகிறார்கள். நம் கவனம் மட்டுமே செலவாகும் இடத்தில் கண்ணாடியைத் தருகிறார்கள். நம் கவனத்துக்கு அவர்கள் இட்ட விலை அவ்வளவுதான். விரல் தானாக வேலை செய்துவிட்டால் கண் விலகிப் போய்விடும். விலகிய கண்ணுக்கு விளம்பரம் காட்ட முடியாது.

2007 ஜனவரியில் ஐபோனை அறிமுகப்படுத்திய ஸ்டீவ் ஜாப்ஸ், விசைகள் தேவைப்பட்டாலும் தேவைப்படாவிட்டாலும் அங்கேயே இருக்கின்றன என்பதையே அவற்றின் குறையாகச் சொன்னார். அங்கேயே இருப்பதுதானே அவற்றின் பெருமை? இருட்டில் வீட்டுக்குள் நுழைபவன் கை நீட்டியதும் சுவிட்சு அகப்படுவது எதனால்? நேற்று இருந்த இடத்திலேயே இன்றும் அது இருப்பதால்தான்.

இன்றைய கடைநிலவரம் என்ன? ஓசூர்ப் பேருந்து நிலையத்தை ஒட்டிய கைப்பேசிக் கடையில் விசை வேண்டும் என்று கேட்டால் பேசுவதற்கும் சில்லறை வேலைக்குமான எளிய கருவியை நீட்டுவார்கள். அறிவுள்ள கைப்பேசி வேண்டும் என்றால் விசையே இல்லாத கண்ணாடியை நீட்டுவார்கள். இரண்டும் சேர்ந்த பிளாக்பெர்ரியின் பழைய கருவிகளுக்கான சேவை 2022 ஜனவரி 4 அன்று நிறுத்தப்பட்டது. விசை வேண்டுமானால் அறிவைத் துற, அறிவு வேண்டுமானால் விசையைத் துற என்பதுதான் சந்தையின் கட்டளை. கிரானைட் பட்டறையில் விரல் காய்த்துப்போனவர், ரோஜாப் பண்ணையில் ஈரக்கையோடு நிற்பவர், எழுத்து மங்கிய கண்ணோடு மகனின் அழைப்பை எடுக்கத் தடுமாறும் மூதாட்டி ஆகியோரை இந்தக் கட்டளை எழுதியவர்கள் எண்ணியதே இல்லை. ஐபோனின் மேலுறையைச் செய்யும் டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் ஆலை இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. உலகுக்குக் கைப்பேசி செய்து தரும் மண்ணின் கைகளுக்கு ஏற்ற கைப்பேசி ஒன்று இந்த மண்ணின் கடையில் இல்லை.

திரையை உடைக்கச் சொல்லவில்லை. படிக்கவும் பார்க்கவும் அது இருக்கட்டும். எழுதவும் அழைக்கவும் நிறுத்தவும் சில விசைகளைத் திருப்பிக் கொடுங்கள் என்கிறேன். இதைப் பழமைவாதம் என்று நினைப்பவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கண்களை மூடிக்கொண்டு உங்கள் கைப்பேசியில் உங்கள் பிள்ளையை அழையுங்கள், கண்ணாடியைத் தவிர வேறு யாரிடமும் உதவி கேட்காமல். யார் எடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு என்னோடு வாதத்துக்கு வாருங்கள்.