ஸ்டாண்டு வைத்த உறை பகட்டு அல்ல

மின்னூல் படிக்கக் கிண்டில் வாங்கப் போகிறேன் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், கூடவே ஓர் அறிவுரை வந்துவிடும். "கவருக்கெல்லாம் காசைக் கொட்டாதீங்க. அதிலயும் ஸ்டாண்டு வச்சது சும்மா பந்தா. புத்தகத்தைக் கையில பிடிச்சுத்தானே படிக்கிறோம், இதையும் அப்படியே படிக்க வேண்டியதுதானே." சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். நானும் அதை நம்பினேன். நம்பியதால் ஒரு கருவியை இழந்தேன். அதனால் இந்த அறிவுரையில் உள்ள ஒவ்வொரு வாதத்தையும் எடுத்துப் பதில் சொல்லிவிடுவது நல்லது என்று படுகிறது.

"இது போன் மாதிரி கண்ணாடி இல்லை, கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது" என்பது முதல் வாதம். தொட்டுப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். சொரசொரப்பான, காகிதம் போன்ற பரப்பு. ஆனால் கண்ணாடி அதற்கு அடியில் இருக்கிறது. இந்தத் திரையில் நுண்ணிய உறைகளுக்குள் கறுப்பு, வெள்ளைத் துகள்கள் மிதக்கின்றன. மின்னழுத்தம் கொடுத்தால் அவை மேலும் கீழும் நகர்ந்து எழுத்தாகத் தெரிகின்றன. அந்த மின்னழுத்தத்தைக் கொடுக்கும் சுற்று, பெரும்பாலான கருவிகளில், மெல்லிய கண்ணாடித் தகட்டின்மேல் அமைந்திருக்கிறது. 2018இல் வந்த கோபோ ஃபோர்மா போன்ற சிலவற்றில்தான் அதற்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தகடு.

என் கருவி கீழே விழவே இல்லை. மதுரையிலிருந்து சென்னைக்கு இரவுப் பேருந்தில் வந்தபோது பையில் டிபன் பாக்ஸோடு சேர்ந்து கிடந்தது. காலையில் எடுத்துப் பார்த்தேன். மேல்பரப்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் திரையின் மேல்பகுதி பழைய படத்தோடு உறைந்து நின்றது. கீழ்ப்பகுதி முழுக்கக் கோடுகள். மின்சாரம் இல்லாவிட்டாலும் கடைசிப் படத்தைத் தக்கவைத்துக்கொள்வது இந்தத் திரையின் இயல்பு. பல நாள் சார்ஜ் நிற்பதற்குக் காரணமான அதே குணம்தான், உடைந்த பிறகு அந்தப் படத்தை அழியாமல் காட்டிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கும் அது என் மேசை இழுப்பறையில் அப்படியே இருக்கிறது.

விழுவதைவிட, ஒரே இடத்தில் விழும் அழுத்தம்தான் இந்தத் திரைக்குப் பெரிய ஆபத்து. ஆகவே துணிப்பையோ மெத்தென்ற பவுச்சோ போதாது. முன்பக்க மடல் விறைப்பாக இருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் உள்வாங்கும் மடல், டிபன் பாக்ஸின் விளிம்பையும் அப்படியே உள்ளே விட்டுவிடும்.

"தண்ணீர்கூடப் புகாது என்கிறார்களே, பிறகு உறை எதற்கு?" இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. கிண்டில் வகைகளில் ஒன்றான பேப்பர்வொயிட்டின் ஐபிஎக்ஸ்8 தரம், இரண்டு மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் ஒரு மணி நேரம் தாங்கும் என்பதற்கான சான்று. அழுத்தத்தைப் பற்றியோ அடிபடுவதைப் பற்றியோ அது ஒன்றும் சொல்லவில்லை. அதிலுள்ள எக்ஸ் என்ற எழுத்துக்குக்கூட, தூசுத் தடுப்புக்குத் தர எண் எதுவும் தரப்படவில்லை என்றுதான் பொருள்.

மூன்றாவது வாதம்தான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது: ஸ்டாண்டு வெறும் பகட்டு என்பது. என் அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. பொன்னியின் செல்வனை மறுபடி படிக்க ஆசைப்பட்டார். அச்சுப் புத்தகத்தின் எழுத்து சிறியது, கனமும் அதிகம் என்பதால் கிண்டில் வாங்கிக் கொடுத்தேன். நான்காம் நாள், "எழுத்தெல்லாம் நல்லாத்தான் தெரியுது. பிடிச்சிட்டே இருந்தா கட்டைவிரல் கடுக்குதுடா" என்று மேசைமேல் வைத்துவிட்டார். 2024 மாடல் பேப்பர்வொயிட்டின் எடை 211 கிராம். கேட்பதற்கு ஒன்றுமில்லை போலிருக்கும். மூட்டுத் தேய்ந்த விரலுக்கு அரை மணி நேரத்தில் அது வேறு கணக்கு. ஸ்டாண்டு வைத்த உறை வாங்கி மாட்டிய பிறகு ஐந்து பாகங்களையும் படித்து முடித்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். சாப்பிடும்போது படிக்காதே என்று சிறுவயதில் எத்தனை திட்டு வாங்கியிருந்தாலும், தனியாகச் சாப்பிடும் வேளையில் புத்தகத்தைத் தேடாத வாசகர் குறைவு. வலது கை சாம்பார் சாதத்தில் இருக்கும்போது, நிற்கும் கருவியைத் தொடுவதற்கு இடது கையில் ஒரு விரல் போதும். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு படிக்கும் தாய்க்கும், பக்கத்தில் நோட்டைத் திறந்து வைத்துக் குறிப்பெடுக்கும் மாணவருக்கும் இதுதான் நிலை. கையில் பிடித்துப் படிப்பது மட்டும்தான் வாசிப்பு என்பவர்கள் இரண்டு கையும் ஓய்ந்திருக்கும் ஒருவரை மட்டுமே மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள்.

தமிழில் படிப்பவர்களுக்கு ஸ்டாண்டு இன்னும் ஒரு விதத்தில் உதவும். 2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழ் மின்னூல்கள் வந்தன. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் நம் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுத்துவருகிறது. நம் சொற்களோ நீளமானவை. எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு வரிக்கு இரண்டு மூன்று சொற்கள்தான் நிற்கும். நடுநடுவே பெரிய இடைவெளிகள் விழும். கருவியைப் படுக்கைவாட்டில் திருப்பினால் வரி நீளும், கண் தடுக்காமல் ஓடும். பிடிஎஃப் கோப்புகளுக்கும் இதுவே வசதி. ஆனால் படுக்கைவாட்டில் வெகுநேரம் கையில் பிடிப்பது கடினம். நிறுத்தி வைத்துப் படிப்பதுதான் வழி. ஆகவே நெடுக்குவாட்டில் மட்டும் நிற்கும் உறையை வாங்காதீர்கள். இரண்டு வாட்டிலும் நிற்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

"எந்த உறையானாலும் ஒன்றுதான், பெயர் பொருந்தினால் போதும்" என்பது கடைசி வாதம். பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் இது. பேப்பர்வொயிட் என்ற ஒரே பெயரில் 2018இல் வந்ததன் அகலம் சுமார் 116 மில்லிமீட்டர், 2021இல் வந்தது சுமார் 125, 2024இல் வந்தது சுமார் 128. ஒன்றின் உறை மற்றொன்றுக்குச் சேராது. உறையாலேயே கருவி கெட்டதாகப் புகார் எழுந்த வரலாறும் உண்டு. 2009இல் இரண்டாம் தலைமுறைக் கிண்டிலின் ஓரத்தில் உலோகக் கொக்கி மாட்டும் உறையால் விரிசல் விழுகிறது என்று அமெரிக்காவில் வழக்கே தொடரப்பட்டது. அடுத்த ஆண்டு, மூன்றாம் தலைமுறைக்கான கொக்கி உறை ஒன்று கருவியைத் தானாக அணைந்து எழ வைக்கிறது என்ற புகார் எழுந்தது. இன்றைய உறைகளில் அந்தக் கொக்கி இல்லை. மடலிலுள்ள காந்தம் சரியான இடத்தில் இல்லாவிட்டால் மூடினாலும் கருவி உறங்காது என்ற சிக்கல் மட்டும் இன்னும் இருக்கிறது.

ஸ்டாண்டுக்கென்று இரண்டு சோதனைகள் உண்டு. பேப்பர்வொயிட்டின் பவர் பட்டன் கீழ் விளிம்பில் இருக்கிறது. கருவி நிற்கும்போது உறையின் சட்டம் தரையில் ஊன்ற வேண்டும், பட்டன் ஊன்றக் கூடாது. ஊன்றினால் படித்துக்கொண்டிருக்கும்போதே கருவி உறங்கிவிடும். அடுத்து, பக்கம் புரட்டப் பெரும்பாலும் திரையைத் தட்ட வேண்டியிருக்கும். மேசைமேல் நிறுத்தி மேல் மூலையில் தட்டிப் பாருங்கள். பின்னால் சாய்ந்தால் அந்த உறை வேண்டாம். நல்ல உறையிலும் திரையின் கீழ்ப்பகுதியில் தட்டிப் பழகுவது நல்லது.

எடை கூடும் என்பது மட்டும் உண்மையான குறை. நின்றபடி மின்சார ரயிலில் ஒரு கையால் படிப்பவருக்கு அது உறுத்தும். அவர் அந்த நேரத்துக்கு உறையைக் கழற்றிக்கொள்ளலாம். மடித்து நிற்கும் ஸ்டாண்டு மெத்தையின்மேல் சரியாக நிற்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் வயதானவர்களுக்கு இந்தக் கருவியை வாங்கிக் கொடுக்க நினைப்பவர்கள், ஸ்டாண்டு வைத்த உறையையும் அன்றைக்கே சேர்த்து வாங்குங்கள். கருவி ஏற்கெனவே வீட்டில் இருந்தால், உறை வாங்குவதற்கு முன் செட்டிங்ஸில் கருவியைப் பற்றிய பகுதிக்குப் போய், எந்தத் தலைமுறை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.